லுட்யெக் மிக்லோஷ்கோ: கோல் காத்தவர், பிறகு கோல்கீப்பர்களைத் தயார் செய்தவர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செக் கோல்கீப்பர் என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது பீட்டர் செக், அவர் தலையில் இருந்த அந்தக் கறுப்புக் கவசம். அவருக்குப் பதினான்கு வருடம் முன்பே இங்கிலாந்துக்குப் போய் இறங்கிய இன்னொரு செக்காரரைப் பற்றியது இந்தப் பக்கம். பழைய மேட்ச் கிளிப்புகளைப் பார்த்துவிட்டு நண்பர்கள் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன்.

யார் இந்த மிக்லோஷ்கோ?

1961 டிசம்பர் 9 அன்று, அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் மொராவியப் பகுதியில் உள்ள புரோஸ்தேயோவ் என்ற ஊரில் பிறந்தவர். நல்ல உயரம், அகன்ற தோள். ஆஸ்ட்ராவா நகரத்தின் பானிக் கிளப்பில் எண்பதுகளில் ஆடினார். 1990-இல் லண்டனின் வெஸ்ட் ஹாம் யுனைடெட்டுக்கு வந்து, எட்டு வருடத்தில் 350-க்கும் மேற்பட்ட மேட்ச்களில் கோல் காத்தார். பிறகு லண்டனிலேயே இன்னொரு கிளப்பான கியூ.பி.ஆர். (குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ்) அணியில் சில வருடம். 2001-இல் கையுறையைக் கழற்றிவிட்டுப் பழைய வெஸ்ட் ஹாமுக்கே கோல்கீப்பர் பயிற்சியாளராகத் திரும்பி, 2010 வரை இருந்தார்.

பெயரை எப்படி உச்சரிப்பது?

செக் மொழியில் ‘லுட்யெக் மிக்லோஷ்கோ’. லண்டன் ரசிகர்கள் வாயில் அது ‘லூடோ’ ஆகிவிட்டது. தாயம் விளையாடுகிற லூடோ பலகைதான் ஞாபகத்துக்கு வரும், என்ன செய்ய.

அவர் மாஸ்கோ பக்கத்தில் பிறந்தவராமே?

இல்லை. இது வெஸ்ட் ஹாம் ரசிகர்கள் அவர்மேல் கட்டிய பாட்டால் பரவிய கதை. அவர் பெயரின் கடைசி அசையும் மாஸ்கோவும் எதுகையாக அமைந்துவிட்டதால், ‘மாஸ்கோ பக்கத்து ஆள்’ என்று பாட்டில் சேர்த்துவிட்டார்கள். புரோஸ்தேயோவிலிருந்து மாஸ்கோ சுமார் 1,500 கிலோமீட்டர். 1968-இல் சோவியத் டாங்கிகள் புகுந்த நாட்டுக்காரரை மாஸ்கோக்காரர் என்பது கொஞ்சம் குத்தலான வேடிக்கைதான். ஆனாலும் காலரியிலிருந்து ஆயிரக்கணக்கானோர் பெயர் சொல்லிப் பாடுவதில் இருந்த பாசத்தை யாரும் சந்தேகிக்கவில்லை.

28 வயதுவரை ஏன் வெளிநாட்டுக்குப் போகவில்லை?

போக விட்டால்தானே! கம்யூனிச ஆட்சியில் ஒரு செக்கோஸ்லோவாக்கிய ஆட்டக்காரர் மேற்கு நாட்டுக் கிளப்புக்குப் போவது அரசு தருகிற சலுகை. பொதுவாக முப்பதைத் தாண்டி, தேசிய அணிக்கு ஆடி முடித்தவர்களுக்குத்தான் அது கிடைக்கும். 1976 ஐரோப்பியக் கோப்பையில் அந்தப் புகழ்பெற்ற பெனால்டியை அடித்த அன்டோனின் பனென்காவே 1981-இல், 32 வயதில்தான் வியன்னாவின் ராப்பிட் கிளப்புக்குப் போக முடிந்தது. காத்திருக்கப் பொறுமையில்லாத இவோ க்னோஃப்லீச்செக், லுபோஷ் குபீக் இருவரும் 1988-இல் அணியை விட்டே தப்பி ஓடினார்கள்.

1989 நவம்பரில் வெல்வெட் புரட்சி. ஆட்சி கவிழ்ந்த மூன்றாவது மாதம் மிக்லோஷ்கோ லண்டனில் இருந்தார். அவர் வாழ்க்கையைப் பேசுபவர்கள் இந்தத் தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை. இன்னொரு மூன்று வருடம் அந்த ஆட்சி நீடித்திருந்தால், ஆஸ்ட்ராவாவின் நிலக்கரி நகரத்தில் நல்ல கோல்கீப்பர் ஒருவர் இருந்தார் என்பதோடு இந்தக் கதை முடிந்திருக்கும். பானிக் என்ற சொல்லுக்கே சுரங்கத் தொழிலாளி என்றுதான் அர்த்தம்.

வெஸ்ட் ஹாமுக்கு அவர் எப்படி வந்தார்?

நெருக்கடியான நேரத்தில் வந்தார். வெஸ்ட் ஹாம் அப்போது இரண்டாம் டிவிஷனில் இருந்தது. 1990 பிப்ரவரி 14 அன்று லீக் கோப்பை அரையிறுதியின் முதல் மேட்சில் ஓல்டம் அணியிடம் 6-0 என்று தோற்றது. கோல்கம்பத்துக்கு நடுவே நின்ற ஃபில் பார்க்ஸ் நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். சுமார் 3 லட்சம் பவுண்டுக்கு வாங்கப்பட்ட மிக்லோஷ்கோ அதே வாரம் ஸ்விண்டனில் முதல் மேட்ச் ஆடினார், 2-2 டிரா. அவர் வந்த வேளை, மேனேஜர் லூ மக்காரி பதவியை விட்டு விலகினார். பில்லி பாண்ட்ஸ் பொறுப்பேற்றார். மொழி தெரியாத ஊர், வந்த வாரமே மேனேஜர் இல்லை. அப்படித்தான் தொடங்கியது.

அவருடைய சிறந்த சீசன் எது?

1990-91 என்பேன். 46 லீக் மேட்ச்களில் வெஸ்ட் ஹாம் வாங்கியது 34 கோல்தான். ஓல்டமுக்கு ஒரு புள்ளி பின்னால் இரண்டாம் இடம் பிடித்து மேல் டிவிஷனுக்கு ஏறியது. கிளப்பின் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரராக ரசிகர்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 4-0 என்று அடித்ததும் அதே சீசனில்தான். வெஸ்ட் ஹாம் டிஃபெண்டர் டோனி கேலை நடுவர் சீக்கிரமே வெளியேற்றிய மேட்ச் அது. பத்துப் பேரோடு ஆடிய அணியின் கீப்பர் மேல் அந்த நாலையும் எழுதுவது நியாயமில்லை.

அடுத்த வருடமே கீழே இறங்கினார்கள். 1992-93-இல் மறுபடி ஏறினார்கள், அதுவும் மயிரிழையில். போர்ட்ஸ்மவுத்துக்கும் 88 புள்ளி, வெஸ்ட் ஹாமுக்கும் 88. அந்தக் காலத்து விதிப்படி கூடுதல் கோல் அடித்த அணிக்கு முன்னுரிமை: வெஸ்ட் ஹாம் 81, போர்ட்ஸ்மவுத் 80.

1992-இல் வந்த பேக் பாஸ் விதி அவரைப் பாதித்ததா?

எல்லாக் கீப்பர்களையும் பாதித்தது. அதுவரை டிஃபெண்டர் காலால் திருப்பித் தரும் பந்தைக் கீப்பர் கையால் எடுத்துக்கொள்ளலாம். 1992 கோடைக்குப் பிறகு அது குற்றம். முப்பது வயதைத் தாண்டியவர், பந்தைப் பிடிப்பதையே தொழிலாகக் கற்றவர், இனி அழுத்தத்தில் உதைக்கவும் கற்க வேண்டும். பலர் இதில் தடுமாறினார்கள். மிக்லோஷ்கோவோ விதி மாறிய பிறகான மூன்று சீசன்களில் அணியில் அசையாமல் நின்றார். இந்த அனுபவம் பிறகு பயிற்சியாளராக அவருக்குக் கைகொடுத்திருக்கும் என்பது என் ஊகம். தொழிலின் பாதி வழியில் கைப்பழக்கத்தை மாற்றிக்கொண்டவருக்குத்தான் இன்னொருவருக்கு அதைச் சொல்லித்தரத் தெரியும்.

1995 மே 14 அன்று என்ன நடந்தது? எல்லாரும் ஏன் அதையே பேசுகிறார்கள்?

பிரீமியர் லீக்கின் கடைசி நாள். பிளாக்பர்ன் ரோவர்ஸ் 89 புள்ளியோடு முதலிடம். மான்செஸ்டர் யுனைடெட் இரண்டு புள்ளி பின்னால். பிளாக்பர்ன் லிவர்பூலில் ஆடுகிறது. யுனைடெட் வெஸ்ட் ஹாமின் அப்டன் பார்க் மைதானத்துக்கு வருகிறது. பிளாக்பர்ன் சறுக்கி, யுனைடெட் ஜெயித்தால் கோப்பை மான்செஸ்டருக்கு. வெஸ்ட் ஹாமுக்கு அன்று ஜெயித்தாலும் தோற்றாலும் இழப்பதற்கு ஒன்றுமில்லை.

முதல் பாதியில் மைக்கேல் ஹியூஸ் அடித்த கோலில் வெஸ்ட் ஹாம் முன்னிலை. இடைவேளைக்குப் பிறகு பிரையன் மெக்ளேர் தலையால் முட்டிச் சமன் செய்தார். அதற்கப்புறம் பந்து வெஸ்ட் ஹாம் பாதியை விட்டு வெளியே போகவே இல்லை என்று சொல்லலாம். அந்த வருடம் ஜனவரியில்தான் இங்கிலாந்தின் அதுவரையிலான அதிகபட்ச விலைக்கு வாங்கப்பட்டிருந்த ஆண்டி கோல், திரும்பத் திரும்ப நேருக்கு நேர் வந்தார். ஒவ்வொரு முறையும் மிக்லோஷ்கோ முன்னால் நின்றார். எரிக் கான்டோனா தடையில் வெளியே இருந்தது யுனைடெட்டுக்குப் பெரிய குறை. ஆனால் அன்று அவர்கள் வாய்ப்பு உருவாக்காமல் தோற்கவில்லை, உருவாக்கிய வாய்ப்பெல்லாம் ஒருவரிடம் போய் முடிந்தது.

இதில் இன்னொரு ருசி. வெஸ்ட் ஹாம் மேனேஜர் ஹாரி ரெட்னாப். அவர் மகன் ஜேமி ரெட்னாப் அந்தப் பக்கம் லிவர்பூலுக்கு ஆடிக்கொண்டிருந்தார். கடைசி நிமிடத்தில் ஃப்ரீ கிக்கில் கோல் அடித்து பிளாக்பர்னை 2-1 என்று தோற்கடித்தவர் அந்த மகன்தான். மகன் கதவைத் திறந்துவிட்டார். அப்பாவின் கீப்பர் அதைச் சாத்திவிட்டார். மேட்ச் 1-1. ஒரே புள்ளி வித்தியாசத்தில் பிளாக்பர்ன் சாம்பியன்.

பிளாக்பர்னுக்குக் கோப்பை வாங்கித் தந்தவர் என்று ஆலன் ஷியரரைச் சொல்வார்கள், 34 கோல் அடித்தவர், சரிதான். ஆனால் அந்தக் கடைசி 40 நிமிடத்துக்கு மட்டும் பிளாக்பர்ன் ஊர்க்காரர்கள் இந்த மொராவியருக்குக் கடன்பட்டவர்கள்.

தவறே செய்யாதவரா?

அப்படி ஒரு கீப்பர் இன்னும் பிறக்கவில்லை. 1995 டிசம்பரில் எவர்ட்டன் மைதானத்தில் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். லெஃப்ட் பேக் ஜூலியன் டிக்ஸ் கையுறையை மாட்டிக்கொண்டு மீதி மேட்சை ஒப்பேற்றினார். 3-0 தோல்வி.

செக்கோஸ்லோவாக்கியாவுக்கு எத்தனை மேட்ச்?

செக்கோஸ்லோவாக்கியாவுக்கு 40, நாடு பிரிந்த பிறகு செக் குடியரசுக்கு 2. 1990 இத்தாலி உலகக் கோப்பைக்குப் போனார், ஆனால் உட்கார்ந்தார். காலிறுதிவரை எல்லா மேட்சும் யான் ஸ்தேய்ஸ்கல்தான் ஆடினார். அந்த உலகக் கோப்பை முடிந்த சில மாதத்தில் ஸ்தேய்ஸ்கலும் லண்டனுக்கே, கியூ.பி.ஆர். கிளப்புக்கு வந்து சேர்ந்தார். நாட்டின் முதல் கீப்பரும் இரண்டாம் கீப்பரும் ஒரே ஊரில் போட்டி அணிகளில் நின்றதை நினைத்துப் பாருங்கள்.

1993-இல் செக்கும் ஸ்லோவாக்கியாவும் தனி நாடுகளாகிவிட்டன. ஆனாலும் பாதியில் நின்ற உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றை ‘செக், ஸ்லோவாக்கியர்களின் அணி’ என்ற பெயரில் ஒன்றாகவே ஆடி முடித்தார்கள். 1996 ஐரோப்பியக் கோப்பையில் செக் அணி இறுதிவரை போனபோது மிக்லோஷ்கோ அணியில் இல்லை.

வெஸ்ட் ஹாமை விட்டு ஏன் போனார்?

வயது. 1997-98-இல் கனடாவின் கிரெய்க் ஃபாரஸ்ட், பிரான்ஸின் பெர்னார் லாமா என்று வேறு ஆட்கள் வந்தார்கள். 1998-இல் கியூ.பி.ஆர். அழைத்தது, போனார். 2001-இல் அந்தக் கிளப் மூன்றாம் அடுக்குக்கு இறங்கியது. அவர் ஆட்டத்தை நிறுத்தினார்.

கோல்கீப்பர் பயிற்சியாளர் என்றால் உண்மையில் என்ன வேலை?

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் மிக்லோஷ்கோவின் இரண்டாம் வாழ்க்கையைப் பற்றி எழுதுபவர்கள் ‘பிறகு பயிற்சியாளரானார்’ என்று ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். ஒன்பது வருடம் ஒரு வரியா?

கால்பந்து அணியில் பத்துப் பேர் ஒரு விளையாட்டு ஆடுகிறார்கள், பதினோராவது ஆள் வேறொன்று ஆடுகிறார். மற்றவர்கள் ஓட்டமும் பாஸும் பழகும்போது கீப்பர்கள் மூன்று நாலு பேர் மைதானத்தின் ஒரு மூலைக்குப் போய்விடுவார்கள். அங்கே அவர்களோடு போகிறவர்தான் இந்தப் பயிற்சியாளர். கிட்டத்திலிருந்து அடிக்கும் பந்து, விழுந்து எழுந்த உடனே வரும் இரண்டாவது பந்து, கூட்டத்துக்கு நடுவே எழும்பிப் பிடிக்க வேண்டிய கிராஸ், தனியாக ஓடிவரும் ஸ்ட்ரைக்கரிடம் எப்போது முன்னேறுவது, எப்போது காலை ஊன்றி நிற்பது. ஒரு காலை வேளையில் இவரே நூற்றுக்கணக்கான பந்தை உதைக்க வேண்டியிருக்கும். ஆட்டத்தை விட்டவருக்கும் உடம்பு ஓயாத வேலை. மேட்சுக்கு முன் எதிரணி பெனால்டி அடிக்கிறவர் எந்தப் பக்கம் விரும்புவார், கார்னரில் யார் கீப்பரை மறிப்பார் என்ற கணக்கும் இவர் பொறுப்பு.

கடினமான பாகம் அதுகூட இல்லை. ஸ்ட்ரைக்கர்கள் நாலு பேர் இருந்தால் இரண்டு பேருக்காவது இடம் கிடைக்கும். கீப்பர்களில் ஒருவர்தான் ஆடுவார். உட்கார்ந்திருப்பவர் பல மாதம் உட்காருவார், ஆனால் முதல் ஆள் விழுந்தால் அடுத்த நொடி தயாராக இருக்க வேண்டும். அவர் மனம் துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி. 1990 உலகக் கோப்பை முழுவதையும் பெஞ்சில் கழித்தவருக்கு இதைப் புத்தகத்தில் படிக்க வேண்டியிருந்திருக்காது.

மிக்லோஷ்கோ ஆடிய தொடக்க காலத்தில் இங்கிலாந்தின் பெரும்பாலான கிளப்புகளில் இதற்கென முழுநேர ஆளே கிடையாது. பழைய கீப்பர் யாராவது வாரத்துக்கு ஓரிரு நாள் வந்து போவார். இன்று ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் இதற்கெனத் தனி உரிமமே தருகிறது.

அவர் பயிற்சியில் இருந்த கீப்பர்கள் யார் யார்?

முதல் வருடமே சோதனை. 2001 கோடையில் வெஸ்ட் ஹாம் டேவிட் ஜேம்ஸை வாங்கியது. ஏற்கெனவே முதல் கீப்பராக ஷாகா ஹிஸ்லப் இருந்தார். சீசன் தொடங்கும் நேரத்தில் இங்கிலாந்து அணிக்காக ஆடப்போன ஜேம்ஸ், சொந்த அணிக்காரர் மார்ட்டின் கீயோனோடு மோதி முழங்காலில் அடிபட்டார். ஒதுங்க இருந்த ஹிஸ்லப் மறுபடி உள்ளே. ஜேம்ஸ் குணமானதும் மறுபடி வெளியே. மேலே சொன்ன மனக்கணக்கு இதுதான். அதற்கு அடுத்த வருடம் வெஸ்ட் ஹாம் 42 புள்ளி எடுத்தும் கீழே இறங்கியது. ஆனால் அந்த அணியிலிருந்துகொண்டேதான் ஜேம்ஸ் இங்கிலாந்தின் முதல் கீப்பராகவும் ஆனார்.

பிறகு ஸ்டீபன் பைவாட்டர், ஜிம்மி வாக்கர், ராய் கேரல், திரும்பிவந்த ஹிஸ்லப், 2006-இல் நாரிச்சிலிருந்து வந்த ராபர்ட் கிரீன். மேனேஜர்கள் கிளென் ரோடர், ஆலன் பார்டியு, ஆலன் கர்பிஷ்லி, ஜான்ஃப்ராங்கோ ஸோலா என்று மாறிக்கொண்டே இருந்தார்கள். புது மேனேஜர் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவதுதான் வழக்கம். நாலு பேர் காலத்திலும் இவர் நாற்காலி அசையவில்லை என்பதைத்தான் நான் அவருடைய பயிற்சித் தொழிலுக்குச் சான்றிதழாக எடுத்துக்கொள்கிறேன்.

பயிற்சியாளராக அவர் பார்த்த பெரிய மேட்ச்கள்?

இரண்டைச் சொல்கிறேன். 2005 மே 30, கார்டிஃப், பிரீமியர் லீக்குக்குத் திரும்புவதற்கான பிளே-ஆஃப் இறுதி. பாபி ஸமோரா கோலில் பிரெஸ்டனுக்கு எதிராக 1-0. கடைசி நிமிடங்களில் ஜிம்மி வாக்கர் பந்தோடு பெனால்டி பகுதிக்கு வெளியே விழுந்தார். கை பட்டது, முழங்காலும் போயிற்று. பல கோடி பவுண்டு மதிப்புள்ள மேட்ச். பெனால்டி பகுதி விளிம்பில் எதிரணிக்கு ஃப்ரீ கிக். அந்த நிமிடம் பெஞ்சிலிருந்து எழுந்துபோய் நின்றவர் பைவாட்டர். பந்து உள்ளே போகவில்லை.

மறு வருடம் எஃப்.ஏ. கோப்பை இறுதி, லிவர்பூல். 2-0 என்று முன்னிலை பெற்று, 3-2 என்று கடைசி நிமிடம்வரை பிடித்து, ஸ்டீவன் ஜெரார்டு வெகு தூரத்திலிருந்து அடித்த பந்தில் 3-3 ஆகி, பெனால்டியில் 3-1 என்று கோப்பை போயிற்று. ஹிஸ்லப் ஒரு பெனால்டியைத் தடுத்தார். லிவர்பூல் கீப்பர் பெப்பே ரெய்னா மூன்றைத் தடுத்தார்.

ஏன் தலைமைப் பயிற்சியாளர் ஆகவில்லை?

கோல்கீப்பர்கள் மேனேஜர் ஆவதே அரிது. 1982-இல் இத்தாலி அணித்தலைவராக உலகக் கோப்பை வாங்கிய டீனோ ஸோஃப் பிறகு தேசிய அணிக்கே பயிற்சியாளரானார், அது விதிவிலக்கு. இதைத் தோல்வியாகப் பார்ப்பவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. தச்சரிடம் போய் நீ ஏன் கட்டட என்ஜினீயர் ஆகவில்லை என்று கேட்பது போல இருக்கிறது.

செக்காரர்களுக்குக் கோல்கீப்பிங் ரத்தத்திலேயே உண்டா?

ரத்தக் கதையெல்லாம் நான் நம்புவதில்லை. ஆனால் வரிசை என்னவோ நீளம்தான். 1934 உலகக் கோப்பை இறுதியில் அணித்தலைவராக நின்ற ஃப்ரான்டிஷெக் பிளானிச்கா, 1938-இல் பிரேசிலோடு கை எலும்பு முறிந்தும் ஆடினார். 1976-இல் ஐரோப்பியக் கோப்பை வாங்கிய இவோ விக்டர், அந்த வருடம் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப்பந்து வாக்கெடுப்பில் மூன்றாவதாக வந்தார். விக்டரைப் பார்த்து வளர்ந்த தலைமுறை மிக்லோஷ்கோவும் ஸ்தேய்ஸ்கலும். சிறுவர்கள் எதைக் கொண்டாடும் ஊரில் வளர்கிறார்களோ அதைப் பழகுகிறார்கள்.

பாவெல் ஸர்னீச்செக்குக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

ஒரே பானிக் ஆஸ்ட்ராவா. மிக்லோஷ்கோ 1990-இல் லண்டனுக்குக் கிளம்பிய பிறகு அந்த இடத்தில் நின்றவர் 1968-இல் பிறந்த ஸர்னீச்செக். அடுத்த வருடமே அவரையும் நியூகாசில் வாங்கிக்கொண்டது. ஆக 1992-93-இல் இரண்டாம் அடுக்கில் முதலிடம் நியூகாசில், இரண்டாமிடம் வெஸ்ட் ஹாம். இரண்டு அணியின் கோலிலும் ஆஸ்ட்ராவாக்காரர்கள். ஸர்னீச்செக் செக் அணிக்கு 49 மேட்ச் ஆடி, அவரும் கடைசியில் கோல்கீப்பர் பயிற்சியாளராகத்தான் ஆனார், பிராகாவின் ஸ்பார்ட்டா கிளப்பில். 2015 டிசம்பரில் ஓடப் போன இடத்தில் மயங்கி விழுந்து, அதே மாதம் 29 அன்று இறந்தார். வயது 47.

அவர் ஆடிய ஒரே ஒரு மேட்சைப் பார்க்க வேண்டுமென்றால் எது?

வேறெது, 1995 மே 14-இன் இரண்டாம் பாதிதான். பார்க்கும்போது கையைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள். பந்து வருவதற்கு முன் அவர் எங்கே வந்து நிற்கிறார் என்று பாருங்கள். அதைப் பார்த்து முடித்ததும், 2007 மே 13 அன்று மான்செஸ்டரில் வெஸ்ட் ஹாம் 1-0 ஜெயித்த மேட்சைப் போடுங்கள். மறுபடியும் சீசனின் கடைசி நாள், மறுபடியும் அதே யுனைடெட். இந்த முறை கீழே இறங்காமல் தப்பிக்க வேண்டியது வெஸ்ட் ஹாம். கோல் அடித்தவர் கார்லோஸ் டெவெஸ், வரிசையாகப் பந்துகளைத் தடுத்தவர் ராபர்ட் கிரீன்.